ஆல்டோனாவில் ஓடிய சூரன்

எங்கள் வீட்டுப் பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பிக் குடை ஒன்று இருந்தது. நடுவில் ஒரு தூண், மேலே நாலு பக்கமும் விரிந்த கம்பிகள். காற்றடித்தால் தானாகவே சுற்றும். அந்தச் சனிக்கிழமை காலை அதில் என் கணவரின் வேலைச் சட்டைகளும், மகளின் பள்ளிச் சீருடையும், ஒரு யானைத் தலையும், ஒரு சிங்கத் தலையும், ஓர் அசுரத் தலையும் தொங்கிக்கொண்டிருந்தன.

மெல்பேர்னின் கடலோரப் பகுதியான ஆல்டோனாவில் கடற்காற்றுக்கு ஓய்வே கிடையாது. தலைகள் வட்டமடித்தன. யானை போய்ச் சிங்கம் வரும், சிங்கம் போய் இவருடைய நீலச் சட்டை வரும். ஊறிய பத்திரிகைத் தாளும் கோதுமை மாக் கூழும் சேர்ந்த புளித்த வாசம் குசினி யன்னல் வரைக்கும் வந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுக் கென் நின்றார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். எங்களோடு அதுவரை எலுமிச்சை மரத்தைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறார். யானையையும் சிங்கத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தார். அசுரன் சுற்றி வந்ததும் தொப்பியைச் சற்றுத் தூக்கினார்.

"மழை வரும்போல இருக்கிறது. அவர்களை உள்ளே கூப்பிட்டுவிடு" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் கால் நிலத்தில் பாவவில்லை. கென் அவர்களை ஆட்களாகவே எடுத்துக்கொண்டுவிட்டார்! ஓடிப்போய் மூன்று தலைகளையும் அணைத்துக்கொண்டு கராஜுக்குள் புகுந்தேன். யானையின் தும்பிக்கை என் தோளில் இடித்தது. சட்டைகளை மறந்துவிட்டேன், அவை நன்றாக நனைந்தன.

போன வாரம் இந்தப் பத்தியில் தொழிற்சாலை நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். "யாழ்ப்பாணத்தில் பௌதிகம் படிப்பித்துவிட்டு மெல்பேர்னில் கார்ச் சாமான் பூட்டப் போனதில் மனம் உடையவில்லையா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உடைந்ததுதான் அம்மா, பொய் சொல்லவில்லை. ஆனால் அதே தொழிற்சாலைதான் என் வாழ்க்கையின் மிக உற்சாகமான ஒரு மாதத்தையும் தந்தது. அழுகையை மட்டும் எழுதிவிட்டு இதை விட்டால் அங்கே செய்த மோட்டர்கள் என்னை மன்னிக்கமாட்டா.

அழைக்காமல் வரும் பிள்ளைகள்

எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் தெரு ஒரு முட்டுச்சந்து. அதன் கோடியில் லிண்டா என்ற அமெரிக்கப் பெண் குடியிருந்தார். கணவருக்கு எண்ணெய் சுத்திகரிக்கும் ஆலையில் வேலை. இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒருநாள் பின்னேரம் லிண்டா ஒரு பூசணிக்காயோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

இந்த ஊர்ப் பூசணிக்காயைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சாம்பல் நிறம், கல்லுத் தோல். லிண்டாவின் கத்தி வளைந்துபோய்விட்டதாம், நல்ல கத்தி இருக்கிறதா என்று கேட்டார். கொடுவாக்கத்தியைச் சூட்கேசின் அடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான். எடுத்தேன், ஒரே போடு. பூசணி இரண்டு பாதியாகி ஆளுக்கொரு பக்கம் உருண்டது.

லிண்டா அழாக்குறையாக நின்றார். அதைக் குடைந்து, கண்ணும் மூக்கும் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பதுதானாம் திட்டம். எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் ஆட்கள் பூசணிக்காயை வாசலுக்குக் கொண்டுபோவது உடைப்பதற்குத்தான்.

பாவமாக இருந்ததால் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தேன். அப்போதுதான் ஹாலோவீன் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். அக்டோபர் மாதக் கடைசி நாள். பிள்ளைகள் பேய் பிசாசு வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார்களாம். வீட்டுக்காரர்கள் வாசலில் பயங்கரமான உருவங்களை வைத்திருப்பார்களாம். பயந்த பிள்ளைக்கு இனிப்பு.

"சரி, அந்தப் பிள்ளைகளை யார் அழைப்பது?" என்று கேட்டேன்.

"ஒருவரும் அழைக்க வேண்டாம். வாசலில் நல்லதாக ஒரு பேய் இருந்தால் போதும், தெருப் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள்."

நான் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். அக்டோபர் கடைசி நாள் எங்கள் மகள் வாணியின் பிறந்தநாள்.

இந்த இடத்தில் முந்திய வருடத்தைச் சொல்லியாக வேண்டும். வாணிக்கு அப்போது ஏழு முடிந்தது. புதுப் பள்ளி. வகுப்புப் பிள்ளைகள் சிலருக்கு அழகான அட்டைகள் எழுதிக் கொடுத்தோம். ஊரில் எப்படியோ அப்படியே, இரவு ஏழு மணிக்கு. பலூன் கட்டினோம். வாணி பட்டுப்பாவாடை உடுத்து முன்கதவடியில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். ஒருவரும் வரவில்லை. கேக்கை நாங்கள் மூன்று பேரும் வெட்டிச் சாப்பிட்டோம். எங்கள் நிறம்தான் காரணம் என்று நான் மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

லிண்டாவிடம் இதைச் சொன்னதும் அவர் கண்ணை அகல விரித்தார். "ஏழு மணிக்கா? அந்த நேரத்துக்கு இங்கே பிள்ளைகள் சாப்பிட்டு, குளித்து, பைஜாமாவோடு படுக்கைக்குப் போய்விடுவார்களே! பின்னேரம் இரண்டு மணி என்று போட்டிருந்தால் வந்திருப்பார்கள்."

நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. வாணியைக் கூப்பிட்டு, பிள்ளைகள் நித்திரைக்குப் போனதால்தான் வரவில்லை என்று விளக்கினேன். அவள் அசையவில்லை.

"அவையளுக்கு விருப்பமில்லை, அம்மா. நித்திரை எண்டு நீங்கள் சும்மா சொல்லுறீங்கள். எனக்கு இந்த முறை பேர்த்டே வேண்டாம். கேக் வேண்டாம். ஸ்கூலில ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது. பிராமிஸ் பண்ணுங்கோ."

சத்தியம் வாங்காமல் விடவில்லை. எட்டு வயதை எட்டப்போகும் பிள்ளை, பிறந்தநாளை ஒளித்துவைக்கச் சொல்லி அம்மாவிடம் சத்தியம் வாங்குகிறாள். அன்றே முடிவு செய்தேன். கேக் இல்லை, அட்டை இல்லை, சரி. ஆனால் அழைக்காமலே பிள்ளைகள் வருகிற ஒரு பேயை அந்த வாசலில் நிறுத்தாவிட்டால் நான் பௌதிகம் படித்ததில் என்ன பிரயோசனம்?

உறுமுகிற மோட்டர்

தொழிற்சாலையில் நாங்கள் பூட்டியது கார்க் கண்ணாடி துடைக்கும் வைப்பர் மோட்டர். ஒரு சின்னப் பற்றரியில் ஓடும், ஆனால் யானைப் பலம். மோட்டர் ஒரே பக்கமாகத்தான் சுற்றும், கண்ணாடியில் துடைப்பான் அங்கும் இங்கும் போய் வரும். நடுவில் ஒரு குட்டைக் கையும் ஒரு நெட்டைக் கையும் சேர்ந்து அந்த வித்தையைச் செய்கின்றன. அது கண்ணாடியைத் துடைக்கும் என்றால், ஒரு பேயின் கையையும் ஆட்டும்தானே!

என்னுடைய வேலை, பூட்டி முடித்த மோட்டரை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்பது. அமைதியாக ஓடினால் பெட்டிக்குள் போகும். முனகினால், உறுமினால் கழிவு வாளிக்குள் போகும். மேற்பார்வையாளர் சார்லி மால்ட்டா தீவுக்காரர், மீசைக்குள் சிரிக்கிற மனிதர். கழித்த மோட்டர் ஒன்று வேண்டும் என்று கேட்டேன்.

"என்ன, வீட்டிலே கார் செய்கிறாயா?"

"இல்லை, பேய் செய்கிறேன்."

சார்லி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஆனால் அந்த வாரம் முழுக்க, எந்த மோட்டர் மிக மோசமாக உறுமுகிறதோ அதை எனக்கென்று எடுத்துவைத்தார். "இதைக் கேட்டுப் பார், இது இன்னும் பயங்கரம்" என்று பூரிப்போடு காதருகே பிடிப்பார். சத்தம் போடாத மோட்டரையே தேடித் தேடி அலுத்த எனக்கு, முதல்முறையாகச் சத்தம் போடுகிற மோட்டர் வேண்டியிருந்தது. வேலைக்குப் போவதே அந்த நாட்களில் திருவிழாவுக்குப் போவதாக இருந்தது.

லிண்டா தன் பங்குக்கு, முழுக்கோழியைக் கம்பியில் குத்திச் சுடும் அடுப்பின், பற்றரியில் ஓடும் சுழல் மோட்டரைக் கழற்றித் தந்தார். அது ஆடி அசைந்து, மிக மெதுவாகச் சுற்றும். தலையைத் திருப்புவதற்கு அதைவிட நல்ல பொருள் கிடையாது.

மோகினிக்குக் கிடைத்த மரியாதை

முதலில் செய்தது மோகினி. வேறு எதைச் செய்வேன்? வெள்ளைச் சேலை, விரித்த தலைமுடி, வா என்று கூப்பிடும் ஒரு கை. எங்கள் ஆட்கள் யார் பார்த்தாலும் அந்த இடத்திலேயே திரும்பி ஓடுவார்கள். துடைப்பத்தடியில் சட்டம் அடித்து, கறுப்புக் கம்பளி நூலில் இடுப்புக்குக் கீழே தொங்கும் கூந்தல் செய்து, வைப்பர் மோட்டரைக் கைக்குப் பூட்டினேன். சேலைக்குள்ளிருந்து கை வந்து வந்து கூப்பிட்டது. மோட்டர் உறுமியது. நானே செய்த பேய், எனக்கே கராஜில் அதோடு தனியாக நிற்க மனம் வரவில்லை.

லிண்டாவை வெள்ளோட்டத்துக்குக் கூப்பிட்டேன். அவர் இரண்டு கையையும் கன்னத்தில் வைத்து, "ஐயோ, எவ்வளவு அழகு! எப்போது கல்யாணம்?" என்றார்.

சரி, அமெரிக்காக்காரிக்குத் தெரியாது என்று வாசலில் நிறுத்தினேன். தெருவால் போன கென் மோகினியைக் கண்டு தொப்பியைக் கழற்றிப் "பின்னேர வணக்கம், அம்மணி" என்றார். அவள் கையசைத்ததும் திருப்பிக் கையசைத்தார். வாணியின் வகுப்பிலே படிக்கிற டெபி என்ற பெண், சைக்கிளை நிறுத்தி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "என் மாமியின் கல்யாணச் சட்டையும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். போன வருடம் அட்டை கிடைத்தும் வராத பிள்ளைகளில் அவளும் ஒருத்தி.

வெள்ளை என்றால் எங்களுக்குப் பேய், இந்த ஊருக்கு அது மணப்பெண். ஒரு மாத உழைப்பில் பாதி போய்விட்டது. மோகினியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கராஜ் மூலையில் சுவரைப் பார்க்க நிறுத்தினேன்.

இவர் வாயைத் திறந்தார்

என் கணவர் குலசேகரம் ஊரில் கணக்காளர். இங்கே வந்து தபால் பிரிக்கும் இடத்தில் வேலை. அதிகம் பேசமாட்டார். மெல்பேர்னுக்கு வந்த பிறகு அந்தக் கொஞ்சமும் குறைந்துபோயிருந்தது. என் பேய் வேலையில் அவருக்குத் துளியும் விருப்பமில்லை. "உதுகளை வாசலில வைக்கிறது நல்லதுக்கில்லை" என்று ஒரு தரம் சொன்னார், பிறகு கராஜ் பக்கமே வரவில்லை.

அந்த வருடம் கந்தசஷ்டியும் அதே நாட்களை ஒட்டி வந்தது. அப்போது இங்கே போவதற்குக் கோயில் ஒன்றும் கிடையாது. பேசின் என்ற இடத்தில் மலையடிவாரத்துப் பிள்ளையார் இன்னும் வந்து குடியேறவில்லை. இவர் வீட்டுச் சாமிப் படத்தின் முன்னால் விரதம் தொடங்கினார். முதல் நாள் வேலையால் வந்தவர் நேரே கராஜுக்குள் நுழைந்தார். சுவரைப் பார்த்து நின்ற மோகினியைப் பார்த்தார், மோட்டர்களைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார்.

"இஞ்சேரும், உந்த மோட்டரை ஒருக்கால் ஓடவிட்டுக் காட்டும்" என்றார்.

விட்டேன். அது உறுமிக்கொண்டு கையை ஆட்டியது. இவர் முகம் மாறிவிட்டது.

"உது பேய்க்குரிய சத்தம் இல்லையப்பா. உது சூரன். சூரனைச் செய்வம்."

நான் எங்கே இருந்தேன் இவ்வளவு நாளும்! எங்கள் கோயில்களில் சூரன் போர் நடப்பதைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய அசுர உருவத்தைத் தண்டில் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஆட்டி ஆட்டி ஓடுவார்கள். முருகன் துரத்துவார். ஒரு தலை போனதும் இன்னொரு தலை பூட்டப்படும். பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடுவார்கள், ஆனால் வீட்டுக்குப் போகமாட்டார்கள். அதைவிட நல்ல ஹாலோவீன் உருவத்தை எந்த அமெரிக்காக்காரர் செய்துவிடுவார்?

இவர் இளவயதில் தங்கள் ஊர்க் கோயில் சூரனைத் தூக்கியவர். பின்பக்கத் தண்டுதான். முன்பக்கம் பிடிக்க ஒருநாளும் விடவில்லையாம். அந்தக் குறையை அவர் கடல் தாண்டியும் கொண்டுவந்திருந்தார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

அதற்குப் பிறகு எங்கள் கராஜைப் பார்த்திருக்க வேண்டும்! ட்ருகனினா பக்கம் இன்று பண்டகசாலைகளும் புது வீடுகளுமாக இருக்கிறது. அன்று வெறும் புல்வெளி. அங்கே ஒரு பண்ணையில் வைக்கோல் வாங்கிவந்து சூரனின் வயிற்றை நிரப்பினோம். ஐஸ்கிரீம் பெட்டிகளின் வெள்ளை மூடிகளை வெட்டிப் பல் வைத்தோம். முன்வாசல் தும்புக் கால்மிதியைப் பிரித்துச் சிங்கத்துக்குப் பிடரி செய்தோம். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் ஒரு துண்டு யானைக்குத் தும்பிக்கையானது. கண்ணுக்குக் காரின் சிவப்புப் பின்விளக்கு. மூன்று முகங்களையும் ஒரே தூணைச் சுற்றிப் பொருத்தி, கோழி சுடும் மோட்டரை அடியில் பூட்டினேன். யானைமுகம் திரும்பிச் சிங்கமுகம் வரும், பிறகு சூரன் முகம். மரத்தாலான வாளை வைப்பர் மோட்டர் வீசியது.

பசியோடு இருந்த மனிதர் என்னைவிட வேகமாக வேலை செய்தார். சண்டையும் பிடித்தார். நான் சூரனை ஒரு மேடையில் அசையாமல் நிறுத்த நினைத்தேன்.

"என்னப்பா விசர்க்கதை கதைக்கிறீர்? சூரன் நிக்கிறவனோ? ஓடுறவன். தூக்க ஆக்கள் இல்லை, சில்லுப் பூட்டுவம்."

பழைய புல்வெட்டும் இயந்திரங்களின் சக்கரங்களைச் சூரன் நின்ற பலகைக்கு அடியில் பூட்டினார். பற்றரியையும் அந்தப் பலகையிலேயே ஏற்றினோம். பின்னால் ஒரு கயிறு. அதைத் தானே பிடித்துக்கொண்டு, முன்னுக்கும் பின்னுக்கும் விட்டு ஆட்டுவதாக ஏற்பாடு.

கடைசியாக ஒரு நிபந்தனை போட்டார். "சூரன் வந்தால் வேலும் வரவேணும். சம்மாரம் இல்லாமல் அவனை வாசலில விட ஏலாது."

வேல் யார் கையில்? வாணியின் கையில்தான். துடைப்பத்தடியில் அட்டை வெட்டி வெள்ளித்தாள் ஒட்டிக் கொடுத்தார். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓகே அப்பா. பட் நோபடி இஸ் கமிங்" என்றாள்.

அசையாத சூரியன்

அக்டோபரின் கடைசி நாள் ஞாயிற்றுக்கிழமையாக வந்தது. விரதம் முடிந்து இவர் தெம்பாக இருந்தார். நான் பாலும் சீனியும் காய்ச்சி, தட்டு நிறையப் பால்ரொபி இனிப்புச் செய்து வெட்டி வைத்திருந்தேன். சூரன் கராஜுக்குள் திரைக்குப் பின்னால் தயாராக நின்றான். இருட்டினதும் திரையை விலக்கி, சிவப்புக் கண்ணை எரியவிட வேண்டியதுதான் பாக்கி.

இருட்டவில்லை.

அமெரிக்காவில் அது இலையுதிர் காலமாம். எங்களுக்கு வசந்தம். போதாததற்கு, கோடைக்காலத்துக்கென்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியதும் அன்றைக்குத்தான். பின்னேரம் ஆறு மணிக்குச் சூரியன் தெருவில் சப்பாணி கட்டி உட்கார்ந்திருந்தது. இந்த வெளிச்சத்தில் எந்தப் பேய்க்குத்தான் மானம் மிஞ்சும்?

லிண்டாவின் பிள்ளைகள் மட்டும் வந்தார்கள். ஒன்று சூனியக்காரி, மற்றது கட்டில் விரிப்பு. தெருவில் கதவு கதவாகத் தட்டிவிட்டு வந்திருந்தார்கள். ஒரு வீட்டில் தக்காளி கொடுத்தார்களாம், ஒரு வீட்டில், "பிள்ளை, இது அந்த நாடு இல்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்களாம். கென் தன் பங்குக்கு எலுமிச்சங்காய் கொடுத்திருந்தார். பால்ரொபியை வாங்கிக்கொண்டு இருவரும் தாயிடம் போய்விட்டார்கள்.

தெருக்கோடியில் பிள்ளைகள் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தார்கள். டெபியும் அவர்களுக்குள் இருந்தாள். எங்கள் வீட்டை ஒரு பிள்ளையும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாணி வேலை மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாள். "நான் சொன்னனான்தானே அம்மா" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெரிய ஆள்போல எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னாள். அதே கதவடி, அதே பிள்ளை, அதே காத்திருப்பு. இரண்டாம் வருடமும் அவளை இதில் இருத்திவிட்டேனே!

பொறுமைக்கும் எனக்கும் எப்போதும் தூரம். "இஞ்சருங்கோ, இருட்டும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்! நான் போடப்போறன்!" என்று கத்திக்கொண்டு கராஜுக்குள் ஓடிச் சுவிட்சைத் தட்டினேன்.



சார்லி தேர்ந்தெடுத்துக் கொடுத்த மோட்டர் உறுமியது. வாள் வீசத் தொடங்கியது. பலகை முழுவதும் அதிர்ந்தது. இவர் இடது கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எங்கள் பெரிய சோற்றுப் பானையைக் கவிழ்த்துத் தட்டினார். பறை அடி அப்படியே வந்தது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவருக்கு அதைவிட மேலே ஏறிவிட்டது. அந்த அடியை ஒரு கையால் அடிக்க முடியாது. கயிற்றை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அடித்தார்.

எங்கள் கராஜிலிருந்து தெருவுக்கு நல்ல சரிவு. வாள் வீசும் அதிர்ச்சியில் பலகை ஒரு குலுங்குக் குலுங்கியது, பிறகு உருண்டது. திரையைக் கிழித்துக்கொண்டு சூரன் வெயிலுக்குள் போனான்.

நான் பாய்ந்து பலகையில் இருந்த சுவிட்சை அணைத்தேன். அணையவில்லை. வைப்பரை நிறுத்தினால் அது உடனே நிற்காது, கண்ணாடியின் அடிக்குப் போய்ப் படுத்த பிறகுதான் நிற்கும். அதற்கென்று உள்ள தனிக் கம்பியை அவசரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டிருந்தேன். அதனால் சூரன் படுக்கவே மாட்டேன் என்றுவிட்டான். வாளை வீசிக்கொண்டு, தலையைத் திருப்பிக்கொண்டு, நடைபாதையைத் தாண்டித் தெருவில் இறங்கினான்.

கென் பூச்செடிக்குப் பிடித்திருந்த தண்ணீர்க் குழாய் அவர் சப்பாத்தையே நனைத்தது. அவருடைய நாய் வீட்டுக்குள் ஓடியது. சூரனுக்குப் பின்னால் வேட்டியை மடித்துக் கட்டியபடி, பானையைத் தட்டிக்கொண்டு என் கணவர் ஓடினார். எங்கள் தெருவில் ஒருவரோடும் முழுதாக நாலு வார்த்தை பேசாத மனிதர், தொண்டை கிழியக் கத்தினார்.

"பிள்ளை! என்ன பார்த்துக்கொண்டிருக்கிறாய்? வேலை எடு! கலை, பிள்ளை, கலை! துரத்து, விடாதை!"

வாணி எழுந்தாள். ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலை ஓங்கி, வெறுங்காலோடு தெருவில் பறந்தாள். அவள் போட்ட கூச்சலை நான் அதுவரை கேட்டதில்லை. பள்ளியில் வாயே திறப்பதில்லை என்று ஆசிரியை சொன்ன பிள்ளையா இது?

சைக்கிள்கள் திரும்பின. எல்லாச் சைக்கிளும் திரும்பின. நேரே தங்களை நோக்கி வாளோடு வந்த யானைமுகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் வீரிட்டார்கள், சிதறினார்கள், பிறகு வட்டமடித்துத் துரத்தத் தொடங்கினார்கள். சூரன் எதிர்ப்பக்கத்து நடைபாதை விளிம்பில் மோதி நின்றான். நின்றும் வாள் ஓயவில்லை.

வாணி பாய்ந்து குத்தினாள். யானையின் நெற்றியில் வேல் இறங்கியது. அவள் வேலை இழுத்தெடுத்தாள். கோழி மோட்டர் அவசரப்படாமல் தலையைத் திருப்பியது. யானை போய்ப் பிடரியோடு சிங்கம் வந்தது.

"அவனுக்கு இன்னொரு தலை இருக்கு!" என்று டெபி அலறினாள்.

"மூன்று இருக்கு," வாணி ஆங்கிலத்தில் திருப்பிக் கத்தினாள். "மூன்றையும் கொல்ல வேணும்! எனக்கு உதவி செய்!"

நான் வந்து பற்றரிக் கம்பியைப் பிடுங்கியபோது மூன்று தலையும் துளைபட்டுவிட்டன, வைக்கோல் தெருவெங்கும் பறந்தது. இனி என்ன, பிள்ளைகள் அழப்போகிறார்கள், தாய்மார் சண்டைக்கு வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் ஒரே குரலில் "அகெய்ன்! அகெய்ன்!" என்றார்கள். கென்கூட அகெய்ன் என்றார்.

பலகையைப் பிள்ளைகளே தள்ளிக்கொண்டு மேலே வந்தார்கள். வாணி அவர்களை வரிசையில் நிறுத்தினாள். யார் வேல் பிடிப்பது, யார் பின்னால் ஓடுவது என்று அவளே சொன்னாள். இவர் பானை தட்டினார். முன்பக்கக் கயிறு ஒன்றும் கட்டி, அதைத் தானே பிடித்துக்கொண்டார், வேறு ஒருவரையும் விடவில்லை. பொழுது சாயும்வரைக்கும் சூரன் இறங்கினான், செத்தான், ஏறினான். ஹாலோவீன் என்று பார்த்தால் முழுத் தோல்வி, முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒரு பிள்ளையும் பயப்படவில்லை.

இருட்டத் தொடங்கியதும் எல்லோரையும் குசினிக்குள் கூப்பிட்டுப் பால்ரொபித் தட்டை வைத்தேன். கதிரைகள் போதவில்லை, பிள்ளைகள் நிலத்தில் உட்கார்ந்தார்கள். தலைமுடியில் வைக்கோல், முழங்காலில் தெருப்புழுதி. சாப்பிட்டுக்கொண்டே டெபி கேட்டாள்: "வாணி, இன்றைக்கு உங்களுக்கு என்ன விசேஷம்?"

நான் வாயை மூடிக்கொண்டேன். சத்தியம் பண்ணியிருக்கிறேன் அல்லவா. இவரும் கூரையைப் பார்த்தார்.

வாணி வாயில் இருந்த பால்ரொபியை விழுங்கினாள். எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"இன்றைக்கு என் பேர்த்டே" என்றாள்.

குசினி அதிர்ந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள், ஒரு பிள்ளை உடனே பாட்டைத் தொடங்கியது. பாட்டு முடிந்ததும் எல்லா முகமும் என் பக்கம் திரும்பியது. கேக் எங்கே என்று டெபி கேட்டாள்.

நான் அலுமாரியைத் திறந்தேன், மூடினேன். குளிர்பெட்டியையும் திறந்து பார்த்தேன், இல்லாத கேக் அதற்குள் வந்துவிடும் என்பதுபோல. மகள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். சத்தியம் வாங்கியதெல்லாம் அவளுக்கு மறந்தே போய்விட்டது.

"என்னம்மா நீங்கள்? இவ்வளவு பேர் வந்திருக்கினம், ஒரு கேக் கூடச் செய்யேல்லையே!" என்று எல்லோருக்கும் முன்னால் என்னை ஏசினாள்.

என் வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். அதில் இது ஒன்றுதான் இன்னொரு முறை கிடைக்காதா என்று ஏங்க வைத்தது.